வரிக்கு முப்பத்தைந்து எழுத்து

அவருடைய ஆறு படத்துக்கும் ஒரு பொலிஸ் தொடருக்கும்
அடியில் ஓடும் தமிழை எழுதியவன் நான்.
கஸ்தூரியார் வீதி, இரண்டாம் மாடி,
கீழே நகைக்கடைக்காரரின் ஜெனரேற்றர்.
ஒரு வசனம் திரையில் நாலு செக்கன் நிற்கும்.
இரண்டு வரி. வரிக்கு முப்பத்தைந்து எழுத்து.
கொம்பும் அரவும் தனிக்கணக்கு.

ஐஸ்லாந்து மொழி எனக்குத் தெரியாது.
ஆங்கிலத்தில் வந்ததைத்தான் தமிழாக்கினேன்,
சட்டைத்துணி போர்த்திக் காக்காய்க்கடி கடித்த
ரொபியைப் போல.

ஸ்டெய்ன்வோர் கெட்டில்ஸ்டோட்டிர்.
கெட்டிலின் மகள் ஸ்டெய்ன்வோர், அவ்வளவுதான்.
குடும்பப் பெயர் வைக்கிற வழக்கம் அங்கே குறைவாம்.
விழாக்காரர் பதாகையில் "கெ. ஸ்டெய்ன்வோர்" என்று போட,
எங்கட பள்ளிக்கூட இடாப்பிலிருந்து
எழும்பி வந்தவர் போலிருந்தார்.

இருபத்திரண்டு வயதில் தொலைக்காட்சி நிலையத்தில்
வானிலை வரைபடத்துக்குக் காந்த முகில் ஒட்டினார்.
முதல் படம் மூன்று கிழமை ஓடியது.
கடன் பதினொரு வருடம் ஓடியது.
அந்தப் பதினொரு வருடமும் தயிர் விளம்பரம்.
பிறகுதான் பொலிஸ் தொடர்,
கிழமைக்கொரு பிணம், எல்லாம் வெள்ளைக்குள்.
"பனி" என்று எழுதினால் எங்கட ஆட்களுக்கு
மார்கழி விடியலில் மோட்டச்சைக்கிள் சீற்றில் துடைக்கிற ஈரம்.
"ஸ்னோ" என்றே எழுதினேன்.
ஸ்காபரோவிலிருந்து அண்ணன் ரெலிபோனில் தந்த சொல்.

கேள்வி நேரத்தில் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.
"நான் தொடங்கின காலம்
வியாழக்கிழமைகளில் எங்கள் நாட்டில் ரீவி இல்லை" என்றார்.
தமிழில் சொன்னேன்.
பின்வரிசையில் ஒரு குரல்:
"எங்களுக்கு அஞ்சு வருசமா வியாழக்கிழமைதானே!"
மண்டபம் சிரித்தது. அவர் என்னைப் பார்த்தார்.
"இங்கேயும் அப்படித்தானாம்" என்று சுருக்கினேன்.
தொழில் பழக்கம்.

பிறகு ஒரு கேள்வித்துண்டு முன்னுக்கு வந்தது.
எழுதினவரே எழும்பி நின்றார், குருநகர் அருளப்பு.
"நாலாவது படத்தில வலை இழுக்கிறவன் பிழையா இழுக்கிறான்.
காத்து இந்தப் பக்கம், அவன் நிக்கிறது அந்தப் பக்கம்.
மெய்க்கடல் எண்டால் செத்திருப்பான்."

அதை நான் சுருக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.
தன் மொழியில் ஏதோ சொன்னார், நாலு செக்கன் இருக்கும்.
எல்லாரும் என்னைப் பார்க்க
நான் மைக்கைப் பார்த்தேன்.
பிறகு ஆங்கிலத்தில்:
"நடிகன் பல் டொக்டரின் மகன். அப்பா கடலோடி.
அந்த இடத்தில்தான் எழும்பிப் போனார்.
ஏனென்று கடைசிவரை சொல்லவில்லை."

"அதுக்குத்தான்" என்றார் அருளப்பு, இருந்துகொண்டே.
கொஞ்சம் பொறுத்து,
"மற்றும்படி படம் நல்லம்."

வாசலில் வான் நின்றது.
துண்டை மடித்து வைத்திருந்தார், திருப்பித் தரவில்லை.
"சூ. அருளப்பு" என்றிருந்த இடத்தில்
முதல் எழுத்தை நகத்தால் தொட்டு,
"இந்தப் புள்ளி வைத்தது என்ன?" என்றார்.
தகப்பன், என்றேன்.