விரிப்பு

க்தான்ஸ்க், ஜனவரி. விடிகாலை மூன்று மணி.
கோஸ்தெக் மறுபடி படுக்கையை நனைத்திருக்கிறான்.

யாகோதாவின் நாக்கு நுனிவரை
வந்துவிட்டது அவள் அம்மாவின் குரல்.
அந்தக் குரலின் கைதான் ஒரு காலத்தில்
இவள் நனைத்த விரிப்பை
டிராம் நிறுத்தத்துக்கு நேரே பால்கனியில் தொங்கவிட்டது.
பனியில் உறைந்து, பலகையாகி,
நாளெல்லாம் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமைதோறும் ஓர் அறையில் உட்கார்ந்து
அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மடித்துவருகிறாள்.
இன்னும் முழுதாக மடியவில்லை.

விளக்கைப் போடாமல் விரிப்பை உருவுகிறாள்.
கை நடுங்குகிறது.
துவைக்கும் இயந்திரத்தின் முன்
இருவரும் தரையில்.

“கோபமா அம்மா?”

“ஆமாம். உன் மேல் இல்லை.”

யார் மேல் என்று அவன் கேட்கவில்லை.
வட்டக் கண்ணாடிக்குள்
தலைகீழாக நீந்துகிறது அவனுடைய டைனோசர் சட்டை.
ஒவ்வொரு சுற்றுக்கும்
கையசைக்கிறான்.