ஒண்டரை

திருநெல்வேலி. ஆய்வுகூடத்தில் மாலை ஆறரை.
நுணுக்குக்காட்டிக்குள் ஓர் எண்ணெய்த் துளி
விழவும் இல்லை, ஏறவும் இல்லை.
பலாலி வீதியில் பஸ் போனால்
மேசை அதிரும்.
துளி தன் பாட்டில் நிற்கும்.

மூன்று தசம் இரண்டு.
நாலு தசம் எட்டு.
பிறகு எட்டு.
எல்லாம் ஒன்று தசம் ஆறின் மடங்குகள்;
ஏற்றம் என்று பெயர் வைத்தோம்,
ஆனால் சரிவே இல்லை,
வெறும் படிகள்.

பதினேழாவது துளி மட்டும்
இரண்டு தசம் நாலு.
ஒண்டரை இலத்திரன்!

"கரண்ட் ஆடியிருக்கும், அழியும்"
என்கிறான் சயந்தூரன்,
பையைத் தோளில் கொழுவியபடி.

காலையில் கொண்டக்டர்
மிச்சம் மூன்று ரூபாயைத் தரவில்லை.
"மாத்தின காசில்லை, பிறகு பாப்பம்."
இந்தத் துளியிடம்
அந்தப் பேச்சு எடுபடாது.
தந்தால் முழுசு.
இல்லாவிட்டால் இல்லை.

காவலாளி திறப்புக் கோர்வையைக் குலுக்குகிறார்.
கடைசித் தடவை கண்ணை வைக்கிறேன்:
நின்ற துளி திடீரென மேலே போகிறது.
காற்றில் அலைந்த ஏதோ ஒன்று
அதில் தொற்றிக்கொண்டது.
ஒன்று. அரை அல்ல.

ஆனாலும் அந்த இரண்டு தசம் நாலை
நான் அழிக்கவில்லை.
பென்சிலால் வட்டமிட்டு
பக்கத்தில் எழுதினேன்:
திங்கள், திரும்பவும்.