ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்

தாலின் நகரில் ஒன்பது மாடிக் கண்ணாடிக் கட்டடம்.
அதன் இரண்டு லிஃப்டுகளுக்கும்
பதினோரு வருடமாக எண்ணெய் போட்டவன் நான், உர்மாஸ்.

உச்சியில், இயந்திர அறையில், ஒரு சின்னப் பெட்டி
ஒவ்வோர் ஏற்றத்தையும் எண்ணிக்கொண்டே இருக்கும்.
முன்பெல்லாம் காலை எட்டரைக்கு அதற்கு மூச்சுத் திணறும்.
ஈரக் கோட்டுகள், கோட்டு நுனியில் ஆடும் ஒளிவில்லைகள்,
யாரும் யாரிடமும் பேசாத எங்கள் ஊர் மரியாதை.
எல்லோரும் மாடி எண்ணையே பார்த்து நிற்பார்கள்,
அது ஏதோ நல்ல சேதி சொல்லப்போவதுபோல.

பிறகு அந்த வசந்தம்.
ஏப்ரல் முழுக்க நாற்பத்தொரு ஏற்றம்.
அதில் முப்பது என்னுடையது.

இப்போது செவ்வாய், புதன் கூட்டம்.
வியாழன் பாதி.
வெள்ளிக்கிழமை கம்பிவடம் குளிர்ந்து கிடக்கும்.

ஆறாம் மாடிக் காப்பீட்டு நிறுவனம்
வாரம் மூன்று நாள் வந்தே ஆகவேண்டும் என்றது.
வந்தார்கள்.
ஒன்பது மணிக்கு மேலே,
அட்டையைத் தேய்த்து, ஒரு காபி,
ஒன்பது இருபத்தைந்துக்குக் கீழே.
மேலாளர் என்னைக் கூப்பிட்டு
"யார் யாரென்று உன் பெட்டி சொல்லுமா?" என்றார்.
அதற்குப் பாரம் தெரியும், பெயர் தெரியாது என்றேன்.
அவரும் ஒன்பதரைக்கு இறங்கினார்.
தொண்ணூற்றிரண்டு கிலோ.

மாரிகா மட்டும் தினமும் வருவாள். கணக்குப் பிரிவு.
காலி மாடியில் தனியாக உட்கார்ந்து
வீட்டிலிருக்கும் எட்டுப் பேரோடு திரையில் பேசுவாள்.
தலையசைப்பேன். தலையசைப்பாள்.
பதினோரு வருடத்தில் அதற்கு மேல் ஒரு சொல் இல்லை,
எங்கள் ஊருக்கு அதுவே வளவளப்பு.

போன அக்டோபரில் என் முறை வந்தது.
லிஃப்டே இனித் தன் நோவைச் சொல்லிக்கொள்ளுமாம்.
சென்சார் பொருத்தினார்கள், மடிக்கணினி தந்தார்கள்,
வீட்டிலிருந்தே பார் என்றார்கள்.
ஸ்பானர் பையைச் சானா அறை மூலையில் வைத்தேன்.
சமையலறை மேசையில் பதினான்கு கட்டடங்கள்,
பச்சைப் புள்ளிகளாக.
கையில் கிரீஸ் இல்லை.
ஆனாலும் பன்னிரண்டு அடித்ததும்
எழுந்துபோய்க் கை கழுவுகிறேன்.

டிசம்பர் வெள்ளி. மூன்றரைக்கே இருட்டு.
ஒரு புள்ளி சிவந்தது, ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில்.
அழைப்பை எடுத்தேன்.
"நான் மாரிகா."
"உர்மாஸ்."
"எந்த உர்மாஸ்?"
"தலையசைப்பவன்."
ஒரு சத்தம். சிரிப்பா, கம்பிவடமா, தெரியவில்லை.

ஆள் வர நாற்பது நிமிடம் ஆகும் என்றேன்.
வைத்துவிடாதே என்றாள்.
ஏன் தினமும் வருகிறாய்?
வீட்டில் ஒரே மேசை,
அதில் மகன் பொம்மைக் கப்பல் ஒட்டுகிறான்,
சாப்பிடக்கூட அவன் பாய்மரத்தை நகர்த்த வேண்டும் என்றாள்.
சற்றுப் பொறுத்து,
"அது காரணமில்லை" என்றாள்.
நான் மேலே கேட்கவில்லை.

என் பக்கம் நாய் குரைத்தது.
அவள் பக்கம், எனக்கு மனப்பாடமான மின்விசிறி.
பேரிங் தேய்ந்திருக்கிறது.
எந்த சென்சாரும் இதை இன்னும் சொல்லவில்லை.

கட்டடம் என் வீட்டிலிருந்து பதினைந்தே நிமிடம்.
பையைக்கூட எடுத்துவந்துவிட்டேன்.
ஆனால் கிளம்பினால் அழைப்பு அறுந்துபோகும்,
அது இந்த மேசையோடு கட்டியிருக்கிறது.
"இருக்கிறாயா?" என்றாள் மூன்று முறை.
மூன்று முறையும் இருந்தேன்,
பதினேழாம் எண் ஸ்பானரைப் பிடித்தபடி.

அவளை இறக்கியது யாரோ ஒரு பையன்.
புள்ளி பச்சையானதும் போய்க் கை கழுவினேன்.
அன்றைக்குக் கொஞ்சம் கிரீஸ் இருந்தது.