அரைப்பேர்

நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கச் சொல்கிறார்
கண்டி ஆஸ்பத்திரி டாக்டர்.
தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.
பிறகு ஜன்னலில் ஒரு காகம்.

சேர், எனக்கு ஆறு வரைக்கும்தான் கணக்கு.
ரக்பி லீக்கில் பந்தோடு ஆறு தரம் விழலாம்.
ஓடு, மோது, விழு,
எழும்பிக் காலால் பின்னுக்கு உருட்டு: அது ஒன்று.
ஆறாவதும் விழுந்தால் பந்து அடுத்தவனுக்கு.
அதனால் ஐந்து முடிந்ததும் யாராவது தூக்கி உதைத்துவிடுவான்.
நான் உதைக்கிறவன் இல்லை.
எட்டாம் நம்பர்.
ரெண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் விழுகிறவன்.

விழுவதற்குச் சம்பளம் என்றபோது
கிளென்டோர் மேல்பிரிவில் ஒருவரும் நம்பவில்லை.
ஒப்பந்தம் சிங்களத்தில்.
தென்னக்கோன் வாசித்துச் சொன்னான்:
முதல் பதின்மூன்றில் இறங்கினால் முழுக்காசு,
பெஞ்சிலிருந்து இறங்கினால் பாதி.
"அரைப்பேர்" என்றேன்.
அவனுக்கு விளங்கவில்லை.
கொழுந்து கிலோ குறைந்த நாளில்
அம்மாவுக்குச் செக்ரோலில் விழுவது அதுதான் என்று
தேத்தண்ணி ஆறும்வரை விளக்கினேன்.
அடுத்த கிழமையே
பெஞ்சில் குந்துகிறவன் எல்லாம் 'அரப்பே'.
லசந்த, ஃபர்ஸான், ஹேரத், ஒருவனும் மிச்சமில்லை.
எங்கள் லயத்துச் சொல்
அவர்கள் வாயில் நாலு சீசன் விளையாடியது.

ஒலிபெருக்கிக்காரனுக்குச் சந்தனம் அலோசியஸ்
கடைசிவரை முழுசாக வரவில்லை.
'அலோ' என்பான், டெலிபோன் எடுத்தமாதிரி.
கூட்டம் 'ஹலோ' என்று கத்தும்.
அது எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லக்கூடாது.

முன்பல் ரெண்டு போனது.
இடது காது பணியாரமாக வீங்கி அப்படியே நின்றுவிட்டது.
கல்யாணத்தன்று வீங்கிய விரலில் மோதிரம் ஏறாமல்
ஜெசிந்தா அதைச் சங்கிலியில் கோர்த்துக்
கழுத்தில் போட்டுவிட்டாள்.
சாமியார் சிரித்தார்.

டிக்கோயாவில் ஓர் ஆகஸ்ட்.
ரெண்டாம் பாதியில் மூடுபனி இறங்கி
கம்பம் போனது, கூட்டம் போனது,
பக்கத்தில் நின்றவன் போனான்.
மூச்சும் பூட்ஸும்தான் மிச்சம்.
பந்து எப்படியோ என் கைக்கு வந்தது.
ஓடினேன்.
மோத ஒருவனும் இல்லை.
யாராவது வந்து விழுத்துவான், விழுத்துவான் என்று
அறுபது மீட்டர்.
தொடையில் ஓர் அட்டை மட்டும் கூடவே வந்தது.
வெள்ளைக் கோட்டுக்கு அப்பால்
ஈரப்புல்லில் பந்தை வைத்தேன்.
வைத்த பிறகும் கையை எடுக்கப் பயமாக இருந்தது.
எங்கோ விசில்.

ஒன்பது சீசனில் என் ஒரே ட்ரை.
நெஞ்சில் சேறு அப்பி நம்பர் மறைந்ததால்
பத்தாம் நம்பர் பேரில் எழுதிவிட்டார்கள்.
பத்தாம் நம்பர் தென்னக்கோன்.
தான் இல்லை என்று அவனே போய்ச் சொன்னான்.
புத்தகத்தில் வெட்டக்கூடாதாம்.
அரைப்பேர்கூட விழாத நாள் அது.
ராத்திரி அட்டைக்கடி நிற்காமல் கசிந்தது,
நான் துடைக்கவில்லை.

கடைசி மேட்ச் என்று
எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.
பட்டது தோளா முழங்காலா தெரியாது.
எழும்பினேன். நடுவர் கையைத் தூக்கினார்.
ஐந்தா? ஆறா?
பந்தைக் கொடுக்கவில்லை நான்.
ஊதினார், திரும்ப ஊதினார்.
எங்கள் பையன்கள் கத்தியது
பீலித் தண்ணீர்ச் சத்தம்போலக் கேட்டது.
எதிரணிக்காரன் ஒருவன் பக்கத்தில் முட்டிபோட்டு
குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல
என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான்.
"விடுங்கண்ணே," என்றான் மெதுவாக,
"ஆறு முடிஞ்சிருச்சு."
எந்தத் தோட்டத்துப் பிள்ளையோ.
கேட்கத் தோன்றவில்லை.

இப்போது டாக்டர் வேறு ஏதோ கேட்கிறார்:
இத்தனை வருஷத்தில் தலையில் எத்தனை அடி?
காகம் பறந்துவிட்டது.
எழுபத்தொன்பது, என்கிறேன்.
அவர் எழுதிக்கொள்கிறார்.