இரைச்சலுக்குள் ஒரு சொல்

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில்
காது பார்க்கிற அறைக்கு
கண்ணிவெடி கிண்டுகிறவள் ஒருத்தி வந்தாள்.
பெயர் நிறைமதி. வயது முப்பத்தொன்பது.
காற்சட்டை முழங்காலில் முகமாலை மணல்.

வரைபடம் இடக்காதில்
நாலாயிரம் ஹேர்ட்ஸில் தொப்பென்று விழுந்தது,
வரம்பு உடைத்த வாய்க்கால் மாதிரி.
எந்த வருசம் என்று கேட்கவில்லை.
இங்கே இடக்காதுகளின் வருசத்தை
யாரும் யாரிடமும் கேட்பதில்லை.

பிறகு இரைச்சல் சோதனை.
நூறு பேர் ஒன்றாய்க் கதைக்கிற பதிவுக்குள்
ஒரு குரல் சொற்களை ஒளித்து வைக்கும்.
வாளி என்றது; வாளி என்றாள்.
தாழி. நாழி. ஆழி.
இரைச்சலைக் கூட்டினேன்.
பழுதில்லாத என் காதே தவறவிடுகிற இடத்தில்
"மூளி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

கருவி பிழையோ என்று
வயரைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன்.

"பத்து வருசம் வயலின், தங்கச்சி.
பக்கத்துக் கொட்டகையில தவில்,
பின்னால ஜெனரேட்டர்.
அதுக்குள்ள என்ர தந்தியை நான் தேடிப் பிடிக்கோணும்.
இது காதில்லை. தேடுற பழக்கம்."

படித்ததுதான்.
வில் இழுத்துப் பழகிய மூளை
வருகிற ஒலிக்கு முன்னதாகவே
படலையைத் திறந்து வைத்திருக்கும் என்று
பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன்.
அது மணலோடு வந்து
எதிர்க்கதிரையில் இருக்குமென்று நினைக்கவில்லை.

"வேலைக்கு உதவுமா?"

"ஆணிக்கு ஒரு சுருதி.
மீன் ரின்னுக்கு அதுக்குக் கொஞ்சம் கீழ.
மெசின் கத்தேக்கையே விளங்கும்.
விளங்கியென்ன,
ஆணியெண்டாலும் முழந்தாளில நிண்டு
கிண்டித்தான் பார்க்கோணும். சட்டம்."

தலைக்கருவியைக் கழற்றி மடியில் வைத்தாள்.
கேளாமலே சொன்னாள்:
"மேல் சட்ஜத்தில இருந்து
வழுக்கி இறங்கிற இடம் மட்டும்
இப்ப வாசிக்க ஏலாது.
ஷெல் அப்பிடித்தான் வாறது.
மற்றவைக்கு அது கூவல்.
எனக்கு, எந்தச் சுரத்தில நிக்கும் எண்டும் தெரியும்.
பிள்ளையளைப் பங்கருக்குள்ள தள்ளினன்.
தள்ளிப்போட்டு நான்தான் பிந்தினன்."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இடது: கடும் இழப்பு.
வலது: சாதாரணம்.
கையெழுத்து, திகதி.

கதவடியில் நின்று
மேலே பார்த்தாள்.
"உங்கட ஃபான்
அரைச் சுரம் இறங்கிச் சுத்துது."

ஆறு மாதமாய் அதற்குக் கீழேதான் இருக்கிறேன்;
ஒருநாளும் கேட்டதில்லை.
அன்றிலிருந்து
நிறுத்தினால்கூடக் கேட்கிறது.