முப்பதுக்குப் பதினொன்று

செவ்வாய்க்கிழமை.
மல்லாவியிலிருந்து முதல் பஸ், மாங்குளம் கிளினிக்.
ஊசி போட முதல்
யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி
என்னைக் கதிரையில் இருத்திப்
படங்கள் காட்டினாள்.
முப்பது படம்.
கண் மட்டும். மூக்கில்லை, வாயில்லை.
யாரோ வெள்ளைக்காரரின் கண்கள்,
தபால்பெட்டியின் வாய்போல நீளமாய் வெட்டியவை.

"இவருக்கு என்ன மனநிலை?
கோபமா, சலிப்பா, பயமா, வெட்கமா?"

நான் சொன்னேன்:
இவர் கியூவில் நிற்கிறார்.
முன்னால் நிற்பவரோடு கந்தோர் பூட்டப்போகிறது.

அதற்குப் பெட்டி இல்லை.
நாலில் ஒன்று கேட்டாள்.
சலிப்பு என்றேன்.
பிழை.

பிழைகள் எனக்குப் பழக்கம்.
போன ஆனியில்
கடைக்காரர் புவிதரன் சிரித்தார்.
ரேடியோவில் ஏதோ பகிடி.
அந்தச் சிரிப்பு நேரே வந்து
என் சட்டைக்குள் புகுந்தது.
பருப்புச் சரையை அவர் முகத்தில் எறிந்தேன்.
இன்னொரு நாள்
அண்ணனின் மகள் இருமியதை
யாருக்கோ கொடுத்த சைகை என்று எண்ணிக்
கத்தினேன். அவளுக்கு ஏழு வயது.
இப்போதும் நான் முற்றத்தில் இறங்கினால்
கொப்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள்.
இதை மாணவியிடம் சொல்லவில்லை.
அவள் கேட்கவுமில்லை.

"மற்றவரின் வலி உங்களுக்கு விளங்குமா?
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கோ."

விளங்குவது வேறு, பிள்ளை.
வலி வரும். யாருடையது என்று
பெயர் எழுதி வருவதில்லை.
பக்கத்து வளவில் மாடு
கன்று போடமுடியாமல் கிடந்த இரவு
என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நான் உருண்டேன்.
குளிசையைக் கூட்டினார்கள்.
குளிசை என் முகத்தைப் பாலைப்பலகை ஆக்கியது.
ஐயாவின் செத்தவீட்டில்
இவன் அழவில்லை என்று கதைத்தார்கள்.
அழுதேன்.
முகம்தான் வரவில்லை.

மூன்று என்று போடச் சொன்னேன்.

சொல்லாமல் விட்டது இன்னும் ஒன்று.

புதன்கிழமைகளில் கடன் கம்பனிப் பொடியன் வருவான்,
சிவப்பு மோட்டார்சைக்கிள், தோளில் பை.
அண்ணி கோகிலவாணி அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து
சிரித்தபடியே, அடுத்த கிழமை என்பாள்.
எல்லாரும் அந்தச் சிரிப்பைப் பார்த்தார்கள்.
நான் முகங்களை நம்புவதை விட்டுக் கனநாள்.
அவளின் கால் பெருவிரலைப் பார்த்தேன்.
அது மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது,
ஒரு விதை போடுமளவு,
பிறகு ஒரு கோழிக்குஞ்சைத் தாக்குமளவு.

அன்றிரவு எழும்பினேன்.
கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து
வாளியோடு வைக்கலுக்குள் ஒளித்தேன்.
வயல் மருந்துப் போத்தலைக்
குளக்கட்டுக்கு அப்பால் கொண்டுபோய்த் தாட்டேன்.
செய் என்று குரல் சொன்னதோ
நானே கண்டதோ
இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

விடிய அண்ணன் அடித்தான்.
"விசருக்குத் தண்ணியோடையும் பகையோ?"
அண்ணி நடுவில் வந்து நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
வைக்கலை விலக்கிக் கயிற்றை எடுத்தாள்,
சுருட்டினாள், அவிழ்த்தாள், திரும்பச் சுருட்டினாள்.
போத்தலைத் தேடவில்லை.
என்னைப் பார்த்தாள்.

கனநேரம்.
முழு முகம். மூக்கு, வாய், நெற்றியில் வைக்கல் தும்பு.
கோபமா, சலிப்பா, பயமா, வெட்கமா,
எனக்குத் தெரியவில்லை.
கீழே பார்த்தேன்.
பெருவிரல் சும்மா இருந்தது.

மாணவி கூட்டிக் கணக்குப் போட்டாள்.
முப்பதுக்குப் பதினொன்று.
பரவாயில்லை என்றாள்.
அந்தச் சொல்லின் முகம் எனக்குத் தெரியும்.

உள்ளே போய்த் தோளைக் காட்டினேன்.
"நோகுதோ?" என்று மிஸ்ஸி கேட்டா.
யாருக்கு என்று கேட்க வாயெடுத்து
விட்டுவிட்டேன்.
பஸ் ஒன்றரைக்கு.