ஐஸ் பெட்டியில் மண்

பியூவுக்கு மேற்கே, யோமா மலையடியில்,
ஏழாம் எண் பிளாட். தின்வா மூங்கில்.
குத்துக்கு இருபத்து மூன்று கழி,
போன மழையில் முளைத்தவை ஒன்பது,
ஒன்றில் எறும்பு,
ஒன்றை யாரோ சோறு அவிக்க வெட்டிப் போயிருக்கிறார்கள்.
எழுதிக்கொள்கிறேன்.

கோ தெய்ன் லுவின் கரண்டியைத் துடைத்து
ஸ்பிரிட்டில் முக்கி லைட்டரால் கொளுத்துகிறார்.
ஒரு குழியின் மண்
அடுத்த குழியின் மண்ணோடு பேசக் கூடாது.
வேரை விட்டுத் தள்ளி ஒரு பை,
வேரை ஒட்டி ஒரு பை,
வேரையே நறுக்கி ஒரு பை.

காட்டுக்காக யாரும் எங்களை அனுப்பவில்லை.
காகித ஆலைக்கு வேண்டியது ஓர் எண்:
ஏக்கருக்கு எத்தனை டன், எத்தனை வருஷம் வரும்.
யூரியா கொட்டிய பன்னிரண்டாம் பிளாட்டில்
முதல் வருஷம் கழி தொடைப் பருமன்,
நாலாம் வருஷம் கட்டைவிரல்.
ஏன் என்று கேட்கத்தான் இந்தக் குனிவு.

பதில் தெரிந்தவை கண்ணுக்குத் தெரியாது.
காற்றில் சும்மா திரியும் தழைச்சத்தைப் பிடித்து
வேரின் வாயில் வைப்பவை.
கல்லைக் கட்டிக்கொண்டு கிடக்கும் மணிச்சத்தைப்
புளிப்பு கசிந்து பிரித்தெடுப்பவை.
மண் மணக்கிறது என்கிறோமே,
மழைக்கேது மணம், அது இவற்றின் மூச்சு.
கூலியாக வேர் கொஞ்சம் சர்க்கரை விடும்.
யூரியா வந்தால் வேருக்கு இனாம் சோறு;
கொடுக்கல் வாங்கல் அறுந்துவிடுகிறது.

கழிக்குள்ளேயே குடியிருப்பவையும் உண்டு.
எந்தக் காயத்தின் வழி நுழைந்தனவோ.
மூங்கில் அவற்றை
மூங்கில் என்றே எண்ணிவிட்டது போலும்.

நாலு மணி. தௌங்கூவுக்கு முன்னால் ஒரு பாலம்,
சாக்கு மூட்டைகள், சாவடி.
மீசை அரும்பாத சிப்பாய்.
என்ன இது?
மண்.
எங்கே போகிறது?
யெசினுக்கு.
ஏன், அங்கே மண் இல்லையா?
நியாயமான கேள்விதான்.

என் அட்டையில் மா சண்டா வின்.
அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான்,
மறுபடி அட்டையை.
வீட்டில் நான் கனகவல்லி. அவன் கேட்கவில்லை.
எத்தனை தலைமுறை என்று மட்டும் கேட்டான்.
மண்ணா, நானா என்று நாக்கு நுனி வரை வந்தது.
நாலு என்றேன்.

பிறகு தார்ப்பாயை விரிக்கச் சொல்லி
முப்பத்தாறு பைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டினான்.
துப்பாக்கி முனையால் கிளறினான்.
ஏழும் பன்னிரண்டும், ஒட்டியதும் ஒட்டாததும்,
கரண்டியைக் கொளுத்திக் கொளுத்திக் காப்பாற்றிய மௌனம் எல்லாம்
ஒரே குவியல்.
கோ தெய்ன் லுவின் எதுவும் சொல்லவில்லை.
லைட்டரைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.
சரி, போங்கள் என்றான் பையன்.
ஐஸ் எப்போதோ தண்ணீராகியிருந்தது.

யெசினில் இரவு மின்சாரம் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில்
அந்தக் கலவையில் ஒரு துளியைத் தட்டில் இட்டோம்.
எறிய மனமில்லை, அவ்வளவுதான்.
மூன்றாம் நாள் தட்டில் இடமில்லை:
மஞ்சள், ஊதா, மாவு தெளித்தாற்போல் ஒன்று,
பக்கத்திலிருப்பதை அண்ட விடாமல்
சுற்றிலும் வெற்றுவட்டம் போட்டுக்கொண்டது இன்னொன்று.
எது எந்த பிளாட் என்று
அவை சொல்லப் போவதில்லை.

ஆலைக்குக் கடிதம்: எண் இல்லை, மன்னிக்கவும்,
அடுத்த கோடையில் மறுபடி.
மிச்ச மண்ணைக் கூடத்தின் பின்சுவரோரம்
நோஞ்சான் மூங்கில் ஒன்றின் தூரில் போட்டேன்.
ஆடியில் மூன்று குருத்து.
மண்ணாலா, மழையாலா, தெரியாது.
ஒப்பிட அதற்கு ஜோடி இல்லை. நோட்டில் ஏற்றவில்லை.

அதில் ஒன்றை கோ தெய்ன் லுவின் ஒடித்துப்
புளிச்சக்கீரையோடு வதக்கிவிட்டார்.
உப்பு கொஞ்சம் கூடுதல்.